காய்ச்சல் பத்தாத லாரி

கொடைக்கானல் மலையின் பின்பக்கச் சரிவில், வரைபடம் போட வந்தவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்கி, இதற்கு மேல் ஊர் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று இறங்கிப் போய்விட்டதால் எந்த வரைபடத்திலும் இடம் கிடைக்காத சேவற்பாறையில், கார்த்திகை பிறந்து பனி கொட்டத் தொடங்கியதும் ஆடுமாடுகளுக்கும் மனிதர்களுக்கும் முன்னால் சுருண்டு படுத்துக்கொள்வது சென்றாயனின் லாரிதான் என்பதால், ஊர்க்காரர்கள் காலண்டரைப் பார்த்துக் குளிர்காலத்தைத் தெரிந்துகொள்ளவில்லை, லாரியின் இருமலைக் கேட்டுத்தான் கம்பளியை எடுத்து உதறினார்கள். அது ஊருக்கு இருந்த ஒரே லாரி. வெளி லாரிகள் அந்தப் பாதையில் ஏறுவதற்குத் துணிந்ததில்லை. காரட்டும் பூண்டும் பீன்சும் வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு இறங்க வேண்டுமென்றால் சென்றாயன் சாவியைத் திருப்ப வேண்டும், சாவியைத் திருப்பினால் லாரி இரண்டு தரம் செருமி, மூன்றாம் தரம் தெரு முழுக்க வெள்ளைப் புகையைக் கக்கி, கிளம்பப்போகிறது என்று எல்லோரும் நம்பிய அந்த நிமிஷத்தில் சட்டென்று அணைந்துபோகும்.

சென்றாயன் செய்யாத வைத்தியமில்லை. டீசல் ஃபில்டரை மாற்றினான், நாசிலைக் கழற்றித் துடைத்தான், பேட்டரியைப் புதிதாகப் போட்டான், பைப்பில் காற்று அடைத்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல நட்டைத் தளர்த்திக் காற்றை எடுத்தான், டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தான், பம்பின்மேல் வெந்நீர் ஊற்றினான், டேங்குக்கு அடியில் துணிப்பந்தம் கொளுத்தி வைத்துத் தன் புருவத்தில் பாதியைக் கருக்கிக்கொண்டான். கடைசியில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்துப் பார்த்தான், வண்டி அதன்மேல் ஏறவே இல்லை என்பதால் பழம் அப்படியே இருந்தது, பவளம் அதை எடுத்து ஊறுகாய் போட்டுவிட்டாள். பவளம் அவன் மனைவி. கம்பத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வெயிலில் பிறந்த உடம்பு, இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து குளிரைத் திட்டுவதிலும் சென்றாயனைத் திட்டுவதிலும் ஒரு நாளும் தவறாதவள். மகன் நிலக்கோட்டையில் ஹாஸ்டலில் படித்தான், ஆகவே திட்டு முழுவதும் சென்றாயனுக்கே வந்து சேர்ந்தது. அவன் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசத் தெரியாது என்பது ஒரு காரணம், அவள் திட்டுகிறாளா வேறு ஏதாவது சொல்கிறாளா என்பதே பாதி நேரம் அவனுக்கு விளங்காது என்பது இன்னொரு காரணம்.

வத்தலக்குண்டில் ஆசீர்வாதம் என்ற மெக்கானிக் இருந்தார். மிளகாய் காயப்போட்டு விற்ற குடும்பத்தில் பிறந்தவர், அதனால் சூடு என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் காய்ச்சல் என்றே சொல்லுவார். களத்தில் மிளகாய்க்குக் காய்ச்சல் பத்தலை என்று அவருடைய அப்பா சொன்னது போலவே பட்டறையில் இரும்புக்குக் காய்ச்சல் பத்தலை என்று இவர் சொல்லுவார். இது தெரியாத சென்றாயன், ஒரு பனிக் காலையில், ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று அவருக்குப் போன் போட்டான். கீழே காரட் மூட்டைகளோடு பாதி ஊர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, எல்லாம் பாத்துட்டேன். வெள்ளையாப் பொகையுது, பிடிக்க மாட்டேங்குது. என்னண்ணே செய்ய?"

"ஏப்பா, அங்கிட்டு இருக்கிற குளிருக்கு டீசலு மெழுகாட்டம் கட்டியாகுதுய்யா. வண்டிக்குக் காய்ச்சல் பத்தலை. நல்ல காய்ச்சலாக் குடுத்துப் பாரு, ஒரே சாவியில பிடிச்சுக்கிரும்" என்றார் ஆசீர்வாதம், அத்தோடு லைன் போய்விட்டது.

சென்றாயன் தொட்டியிலிருந்து இறங்கி வந்து, குழம்பிப் போனால் வழக்கமாகச் செய்வது போலக் காதுமடலைச் சொறிந்துகொண்டு, "வண்டிக்குக் காய்ச்சல் வேணுமாம்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வேளை யாராவது சிரித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அங்கே நின்றவர்களில் முன்னால் நின்றவள் குருவம்மா. பூண்டு வியாபாரம் செய்கிற கைம்பெண், ஊரில் யாரையும் நின்ற இடத்தில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கக்கூடியவள். அன்று அவளுக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல், கண் சிவந்து, போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, மூட்டையை வேறு யாரிடமும் நம்பி விட முடியாமல் தானே வந்து நின்றிருந்தாள். "காய்ச்சல்தானடா வேணும், இந்தா என்கிட்ட இருக்கு, எடுத்துக்கிட்டு வெரசாக் கெளப்பு" என்று எரிச்சலில் கையை ஓங்கி லாரியின் நெற்றித் தகட்டில் ஒரு அறை விட்டாள். தகட்டில் படிந்திருந்த பனி அவளுடைய கை வடிவத்துக்கு உருகி வழிந்தது. சென்றாயன் சாவியைத் திருப்பினான், லாரி செருமவில்லை, புகையவில்லை, கோடைக்காலத்து வண்டி போல ஒரே பிடியில் உறுமிக்கொண்டு எழுந்தது. குருவம்மா போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லப்பா, பசிக்குது" என்றாள்.

இதில் வியப்பதற்கு ஊருக்கு நேரமில்லை, காரட்டை ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் பள்ளிக்கூட ஆயாவின் காய்ச்சலில் வண்டி கிளம்பியது, அதற்கு மறுநாள் கறிக்கடைக்காரரின் காய்ச்சலில். துணைச் சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ் ஜெயசீலி முதலில் இதை எதிர்த்தாள், பிறகு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு லாரி அருகிலேயே வந்து நின்றாள், கை வைப்பதற்கு முன் நூற்று மூன்று, வைத்த பின் தொண்ணூற்று எட்டரை என்று கண்ணால் பார்த்த பிறகு, மேலே எப்படி எழுதி அனுப்புவது என்று தெரியாமல் எழுதாமலே விட்டுவிட்டாள். குளிர்காலத்தில் காய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. அம்மாமார்கள் பிள்ளைகளைத் தூக்கி வந்து லாரியின் நெற்றியில் கை வைக்கச் செய்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார்கள். யாருக்காவது உடம்பு சுடுகிறது என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தார் முகம் மலர்ந்தது, மலர்ந்ததற்காக அவர்களே வெட்கப்பட்டார்கள், நல்லாயிருக்கியா என்று விசாரிக்கிறவன் என்ன பதிலை எதிர்பார்க்கிறான் என்பது கேட்கிறவனுக்கும் தெரியவில்லை, சொல்கிறவனுக்கும் தெரியவில்லை. சென்றாயனுக்குத்தான் எல்லோரையும் விடக் குழப்பம். ஒரு வீட்டில் காய்ச்சல் என்று கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது, சே, என்ன மனுசன் நான் என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தான்.

ஆனால் வண்டி கிளம்பினதோடு சங்கதி தீர்ந்துவிடவில்லை. முதல் நாளே அவன் கவனித்தது, ஸ்டீயரிங் இழுத்தது. இடது பக்கம் ஒடித்தால் வலது பக்கம் இழுத்தது, வத்தலக்குண்டுக்குள் நுழைய வேண்டிய இடத்தில் நுழையாமல், பிரேக்கில் ஏறி நின்றாலும் நிற்காமல், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற சொந்தக்காரன் மாதிரி சாவகாசமாகப் பெரியகுளம் ரோட்டில் போய், ஒரு பரோட்டாக் கடை வாசலில் தானாக நின்று, ஒரு பெருமூச்சு விட்டது. பெருமூச்சு விட்ட பிறகு பழையபடி அவன் சொன்ன பேச்சைக் கேட்டது. வீல் அலைன்மென்ட் பார்த்தான், டயரைப் பார்த்தான், ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றச் சொன்னான். ஒரு பழுதும் இல்லை. பள்ளிக்கூட ஆயாவின் காய்ச்சலில் கிளம்பிய அன்று வண்டி திண்டுக்கல்லில் ஒரு வளையல் கடை முன்னால் போய் நின்றது. கோயில் பூசாரியின் காய்ச்சலில், ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையாக இருந்து இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட கட்டடத்தின் வாசலில் நின்று, யாரோ முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தில் சென்றாயனைச் சாப்பிட வைத்தது.

நின்ற இடங்களை அவன் வெள்ளந்தியாக ஊரில் வந்து சொன்னான். அவனுக்கு அது ரிப்பேர் சம்பந்தப்பட்ட விஷயம். ஊருக்கு அப்படி இல்லை. புருஷன் செத்த நாளிலிருந்து கறி தொடாமல் விரதம் காக்கிற குருவம்மாவின் காய்ச்சல் பரோட்டாவும் சால்னாவும் மணக்கிற கடைக்கா போயிற்று என்று பேச்சு கிளம்பியது, ஊர் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, மூன்றாம் நாள்தான் சிரிப்பு அடங்கி ஒவ்வொருவரும் அவரவர் காய்ச்சலை நினைத்துப் பார்த்தார்கள். காய்ச்சலில் உடம்பு படுக்கையில் கிடக்க மனசு எங்கே போய்த் திரியுமோ அங்கே வண்டி போகிறது, போய் நின்று ஊருக்கே காட்டிக் கொடுக்கிறது. கவுன்சிலர் தர்மலிங்கத்தின் காய்ச்சலில் லாரி ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் அரை நாள் நின்றது. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை என்று சத்தியம் செய்தார், அன்றிலிருந்து அவர் மனைவி அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

பிறகு காய்ச்சல் வருவது நின்றுவிட்டது, அதாவது வந்ததை யாரும் சொல்லவில்லை. பல் கிட்டிக்கொண்டு நடுங்குகிறவன் கூட, "சும்மா, காத்து கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்கு" என்றான். ஜெயசீலியிடம் மாத்திரை கேட்டு வருகிறவர்கள் பக்கத்து ஊர்க்காரனுக்கு என்றார்கள். லாரியில் கை வைக்க வந்தவர்கள் ஒரு வகையினர்தான், தனக்கு என்ன வேண்டும் என்று தனக்கே தெரியாதவர்கள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளைகள் இருவரில் யாரைக் கட்டுவது என்று தெரியாமல் தவித்த செந்தாமரை என்ற பெண், பனியில் தலைக்குக் குளித்து வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்துக்கொண்டு வந்து கை வைத்தாள். லாரி இரண்டு மாப்பிள்ளை ஊர்களையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய் டிரைவிங் ஸ்கூல் ஒன்றின் முன்னால் நின்றது. செந்தாமரை அதைக் கேட்டுவிட்டு, "அப்படியா" என்றாள், அடுத்த வாரம் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இப்படியே பொங்கலுக்கு முந்தைய வாரம் வந்தது. ஊரே அந்த வாரத்துக்காகத்தான் வருஷம் முழுக்கக் காரட் போட்டது. பிடுங்கி, ஓடையில் கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றியும் வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து உறைபனி இறங்கியது. புல் வெள்ளையாகிவிட்டது, குழாயில் தண்ணீர் வராமல் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி தொங்கியது, லாரியின் டீசல் மெழுகாகிவிட்டது. கழுவின காரட் நாலைந்து நாளைக்கு மேல் தாங்காது, தோல் கறுத்து வழுவழுத்துவிடும், பொங்கல் போனால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். ஊர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. சில பேருக்கு நிஜமாகவே இல்லை.

சென்றாயனும் மற்றவர்களோடு சேர்ந்து உதட்டைப் பிதுக்கினான். ஆனால் அவனுக்குத் தெரியும். இரண்டு நாளாகப் பவளத்தின் உடம்பு கொதித்தது. அவள் அதை மறைத்தாள், குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, எப்போதும் போல் அவனைத் திட்டிக்கொண்டு, அடுப்படியில் நின்றாள். ஒரே கம்பளிக்குள் படுக்கிறவனுக்குக் காய்ச்சலை எப்படி மறைக்க முடியும் என்று அவள் யோசிக்கவில்லை போலும். அவன் தனக்குத் தெரியும் என்பதை மறைத்தான். அவள் காய்ச்சல் எங்கே போகும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பவளத்துக்கு அத்தை மகன் இன்பராசனைத்தான் பேசியிருந்தார்கள். கம்பத்தில் திராட்சைத் தோட்டம், வெயில், பந்தலுக்கடியில் கட்டில். ஏதோ சீர்வரிசைச் சண்டையில் அது முறிந்து, குளிரும் காரட்டும் ஒரு பழைய லாரியும் அவளுக்கு வாய்த்தன. அவள் ஒரு நாளும் அந்தப் பெயரை எடுத்ததில்லை. எடுக்காததுதான் சென்றாயனை அரித்தது. லாரி நிறைய ஊர்ச் சரக்கை வைத்துக்கொண்டு, இன்பராசனின் திராட்சைப் பந்தலுக்கு முன்னால் தன் சொந்த வண்டி போய்ப் பெருமூச்சு விட்டு நிற்பதை அவன் கண்ணை மூடினாலும் பார்த்தான், திறந்தாலும் பார்த்தான். ஊர்ச் சோறு மண்ணாகப் போகிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பயம், அவ்வளவு வெட்கம்.

காட்டிக் கொடுத்தது ஜெயசீலி, அதுவும் தெரியாமல். லாரியைச் சுற்றி ஊர் கூடி நின்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வந்தவள், "அண்ணே, அக்கா வாங்கிட்டுப் போன மாத்திரை தீந்திருக்குமே, காய்ச்சல் விட்டிருச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

எல்லாத் தலையும் சென்றாயன் பக்கம் திரும்பியது. அவன் காதுமடலைச் சொறிந்தான்.

ஊர் மொத்தமும் அவன் வீட்டு வாசலுக்கு வந்தது. பவளம் கதவைத் திறந்து, நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். முகம் செம்பாகச் சிவந்திருந்தது.

"என்கிட்ட காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. போயி வேலையப் பாருங்க."

"பவளம், காரட்டு கறுக்குதுத்தா" என்றார் தர்மலிங்கம்.

"கறுக்கட்டும். என் காய்ச்சல் என்னோட. யாருக்கும் தரமாட்டேன்."

அவள் மறுத்த வேகத்தைப் பார்த்ததும் சென்றாயனுக்கு உள்ளே ஏதோ அறுந்து விழுந்தது. மறைக்க ஒன்றும் இல்லாதவள் இப்படியா மறுப்பாள்.

குருவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்தா பாருடி. என் மானம் பரோட்டாக் கடை வாசல்ல நின்னுச்சு. இவங்க எல்லாம் சிரிச்சாங்க. எத்தன நாளைக்குச் சிரிப்பாங்க? போன வெள்ளிக்கெழம நானே பஸ்ஸேறிப் போயி அந்தக் கடையில உக்காந்து ரெண்டு பரோட்டா தின்னுட்டு வந்தேன். வானம் இடிஞ்சா விழுந்துச்சு? உன் மனசு எந்தக் காட்டுல மேஞ்சா எங்களுக்கென்ன. ஒரு வருசத்துச் சோறுடி, பிள்ளைகுட்டிக்காரங்க."

பவளம் நிலைப்படியில் ஊன்றிய கையை எடுத்தாள். பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். லாரியின் முன்னால் போய் நின்றவள் சென்றாயனை மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"அது எங்க போனாலும் என்னய ஒண்ணும் கேக்கக் கூடாது."

"கேக்கல" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் உள்ளங்கையை வைத்தாள். மற்றவர்கள் வைத்தபோது கை அளவுக்குத்தான் பனி உருகியது, அவள் வைத்ததும் நெற்றித் தகடு முழுக்க உருகி, கண்ணாடி தெளிந்து, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. சென்றாயன் ஏறி உட்கார்ந்து சாவியைத் தொடுவதற்குள் வண்டி உறுமியது. பவளம் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வண்டி இறங்கியது. ஒரு வளைவு, இரண்டு வளைவு, பனிமூட்டத்துக்குள் கொண்டை ஊசி கொண்டை ஊசியாக இறங்கியது, சென்றாயன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தானே தவிர ஓட்டவில்லை, வத்தலக்குண்டில் இடது பக்கம் திரும்பினால் மார்க்கெட், வலது பக்கம் தேனி ரோட்டில் ஏறினால் கம்பம் என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் வண்டி போகவே இல்லை. மொட்டைப்பாறை வளைவு என்ற இடத்தில், ரோடு கொஞ்சம் அகன்று பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிற இடத்தில், தானாக வேகம் குறைந்து, அகலமாக ஒடித்துத் திரும்பி, வந்த வழியே மேலே ஏறத் தொடங்கியது. ஏறி, ஊருக்குள் நுழைந்து, அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. பெருமூச்சு விடவில்லை. ஹாரன் மட்டும் தானாக ஒரு தரம் அடித்தது.

"என்னப்பா, எதையாவது மறந்துட்டியா?" என்றார்கள்.

அவன் பதில் சொல்வதற்குள் வண்டி மறுபடி கிளம்பி இறங்கியது. மறுபடி மொட்டைப்பாறை வளைவு, மறுபடி திரும்பல், மறுபடி வீட்டு வாசல், ஹாரன். இவன் தண்ணியப் போட்டிருக்கான் என்றார் தர்மலிங்கம். கியர் பெட்டி போயிருச்சு என்றார் கறிக்கடைக்காரர். ஆளாளுக்குச் சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார்கள். சென்றாயனுக்கு ஒன்றும் புரியவில்லை. திராட்சைத் தோட்டம் இல்லை என்பது நெஞ்சை லேசாக்கியது, ஆனால் அங்கே என்ன இருக்கிறது, வெறும் வளைவு, ஒரு பாறை, ஒரு கறிவேப்பிலைச் செடி கூடக் கிடையாது, அவளுக்கு அங்கே என்ன வேலை. வண்டி மூன்றாம் தரம் இறங்கியது, அவனும் கூடவே போய்க் கூடவே வந்தான்.

மூன்றாம் தரம் வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்தபோது குருவம்மா மட்டும் வண்டியைப் பார்க்கவில்லை. திரும்பிப் பவளத்தின் அடுப்படி ஜன்னலைப் பார்த்தாள், ஜன்னலுக்கு நேர் எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் மொட்டைப்பாறை வளைவைப் பார்த்தாள். மலைப்பாதை முழுவதும் மரங்களுக்குள்ளும் பாறைகளுக்குள்ளும் ஒளிந்து கிடக்க, சேவற்பாறையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரே ஒரு வளைவுதான். சாயங்காலம் லாரியின் வெளிச்சம் முதலில் அங்கேதான் தெரியும். ஊரில் எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள், ஒரே ஒருவனைத் தவிர. அவன் எப்போதும் வண்டிக்குள் இருந்தான்.

குருவம்மா முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடே கூறுகெட்ட மாடா, அவளுக்கு எங்கிட்டும் போக ஆசையில்லடா. நீ வரணும்னு ஆசை. நாள் பூராம் அந்த ஜன்னல்ல நின்னு அதத்தாண்டா பாத்துக்கிட்டு இருக்கா."

சென்றாயன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். காதுமடலைச் சொறியக் கை எழவில்லை. தினமும் வண்டியிலிருந்து இறங்கியதும், "இம்புட்டு நேரமா? அந்த ஓட்டவண்டியோடயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான" என்று அவள் கத்துவது அவன் காதில் கேட்டது, இத்தனை வருஷம் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு சோறு தின்ற தன் மடத்தனத்தை நினைத்து அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அது சரி, அதுக்காக வண்டி இப்படியே ஏறி எறங்கிக்கிட்டு இருந்தா காரட்டு என்னாகிறது?" என்றார் தர்மலிங்கம். அதுவும் நியாயமான கேள்வி. போக ஓர் இடம் இருந்தால் போய்ச் சேர்ந்ததும் காய்ச்சல் அடங்கிவிடும். வரவேண்டும் என்கிற ஆசை, வந்து சேர்ந்த மறுநிமிஷமே அடுத்த வருகைக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது, அதற்கு அடங்க இடமேது. வண்டி நாலாம் தரம் கிளம்புவதற்கு உறுமத் தொடங்கியது.

கதவு படாரென்று திறந்தது. பவளம் வெளியே வந்தாள். சென்றாயனின் பழைய ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் மாட்டியிருந்தாள், சிரிக்கிற முகம் எது என்று கூட்டத்தை ஒரு முறை முறைத்துப் பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து, ஏறத் தெரியாமல் ஏறி, முழங்காலில் இடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"எடுங்க வண்டிய. ஊரே வேடிக்க பாக்குது."

வண்டி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

வண்டி மலையில் இறங்கியது. மொட்டைப்பாறை வளைவு வந்தது. சென்றாயன் பழக்கத்தில் கியரைக் குறைத்தான். பவளம் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தாள், பனி விலகின இடைவெளியில் மேலே ஊரும், ஊரின் ஓரத்தில் அவளுடைய அடுப்படி ஜன்னலும் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தன. அவசரத்தில் அணைக்க மறந்த விளக்கு அதற்குள் எரிந்துகொண்டிருந்தது.

"இங்கேருந்து பாத்தா நம்ம ஜன்னல் தெரியுதா?" என்றாள்.

"தெரியும். தெனமும் இங்க வந்ததும் கியரைக் கொறச்சு, வெளக்கு எரியுதான்னு பாப்பேன்."

"ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நீ சொன்னியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளைவு முடிந்தது, வண்டி திரும்பவில்லை. ஸ்டீயரிங் இந்தப் பக்கமும் இழுக்கவில்லை, அந்தப் பக்கமும் இழுக்கவில்லை, பனிக்காலம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக வண்டி முழுக்க முழுக்க அவன் கையில் இருந்தது, அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பவளம், எங்கிட்டுப் போக?" என்று கேட்டான்.

"கேக்குறதப் பாரு" என்றாள் பவளம், ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மார்க்கெட்டுக்கு விடுங்க, காரட்டு வாடுது."